அம்மாவின் ரொட்டி ஏன் தனியாக வேகிறது?

கேள்வி: எனக்குப் போன மார்ச்சில் 40 வயது முடிந்தது. குன்னூரில் சின்னதாக மொபைல் கடை வைத்திருக்கிறேன். பிறந்தநாளன்று ஒரு முடிவு எடுத்தேன். ஒரு வருடத்துக்குத் தினமும் இதுவரை செய்யாத ஒன்றைச் செய்ய வேண்டும். போகாத ஊர், சாப்பிடாத சாப்பாடு, எதுவானாலும் சரி. குறிப்பேட்டில் எழுதி, படமும் போடுகிறேன். டிசம்பரில் விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பி ஊட்டிப் பக்கத்துத் தலைகுந்தா போய், வாழ்க்கையில் முதல் முறையாக உறைபனியைக் கையில் தொட்டேன். வாரத்தில் மூன்று நான்கு நாள் இரவுச் சமையலும் நான்தான். ராமென், பாஸ்தா, ராஜ்மா சூப் (ராஜ்மா மட்டும் வேகவே இல்லை!). ஜனவரியில் அறைக்குள்ளேயே கரி அடுப்பு வைத்து பார்பிக்யூ செய்யலாம் என்று இருக்கிறேன்.

மனைவி முதல் இரண்டு மாதம் கூட வந்தாள். இப்போது "நீங்க போயிட்டு வாங்க" என்கிறாள். எட்டாவது படிக்கும் மகள் போனை விட்டு நிமிர்வதில்லை. அம்மாவால் தொந்தரவு இல்லை. நான் சமைக்கும் நாட்களில் தனக்கு மட்டும் ஒரு ரொட்டி தட்டி, தேங்காய்ச் சம்பல் இடித்துச் சாப்பிட்டுவிட்டு 8 மணிக்கே படுத்துவிடுவார். 71 வயது. சின்ன வயதில் சிலோனிலிருந்து வந்தவர், குந்தா பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். பழக்கத்தை மாற்றிக்கொள்ளமாட்டார். குடும்பத்தை எப்படி என் உற்சாகத்துக்குள் இழுப்பது? மிச்சமிருக்கும் குளிர்காலத்தில் புதிதாக என்னென்ன செய்யலாம்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், குன்னூர்

பதில்: தம்பி, இவ்வளவு நீளக் கடிதத்தில் அம்மாவுக்கு நீங்கள் ஒதுக்கியது நாலைந்து வரி. அதிலும் முதல் வரி "தொந்தரவு இல்லை." அந்த இடத்தைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 8 மணிக்குப் படுப்பவர் என்றால் 7 மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். நீங்கள் கடையிலிருந்து வந்து, வெங்காயத் தாளை நறுக்கி, ராமெனைக் கிண்ணத்தில் ஊற்றிப் படம் எடுத்து முடிக்க எப்படியும் ஒன்பது ஒன்பதரை ஆகும். அப்படியானால், அடுப்படி உங்கள் கைக்குப் போகிற நாட்களில், நீங்கள் வருவதற்கு முன்பே அவர் உள்ளே போய், தேங்காய் துருவி, மாவு பிசைந்து, ரொட்டி சுட்டு, கல்லையும் கழுவி வைத்துவிட்டு வெளியே வந்துவிடுகிறார். இந்தக் குளிரில், ஐஸ் மாதிரி வருகிற குழாய்த் தண்ணீரில், 71 வயதில். வாரத்தில் மூன்று நான்கு முறை. உங்கள் வழியில் நிற்கக் கூடாது என்று விலகிக்கொள்கிறார். அந்த விலகலுக்கு நீங்கள் வைத்த பெயர் தொந்தரவில்லாமை.

மகன் புதுசு புதுசாகச் சமைக்கிற வீட்டில் பெற்றவள் தன் ஒரு ஆள் சோற்றைத் தானே ஆக்கிக்கொள்கிறாள் என்றால், எங்கள் ஊரில் அதைத் தனிக்குடித்தனம் என்போம். ஒரே கூரைக்குள் நடந்தாலும் அது அதுதான்.

அடுத்தது, "பழக்கத்தை மாற்றிக்கொள்ளமாட்டார்." இதை எழுதும்போது உங்கள் கை கொஞ்சம்கூடத் தயங்கவில்லையா?

1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அதன்படி, அங்கே இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேர் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு வர வேண்டும், 3,00,000 பேருக்கு அங்கேயே குடியுரிமை. மிச்சம் 1,50,000 பேரின் கதையை முடிவு செய்ய இன்னொரு பத்து வருடம் ஆனது. 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த எண்ணிக்கைக்குள் ஒரு ஆள் உங்கள் அம்மா. அப்படி வந்தவர்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, பார்த்தே இராத ஊருக்குக் கையில் ஒரு தாளோடு அனுப்பப்பட்டார்கள். நீலகிரிக்கு வந்தவர்களுக்காக 1968-இல் அரசு தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்தது. இன்றைக்கு டான்டீ என்கிறோமே, அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம், அது அங்கிருந்து வளர்ந்ததுதான். புது நாடு, புதுக் காசு, புது ரேஷன் கார்டு, புதுக் கங்காணி. போதாக்குறைக்கு, தமிழ் பேசுகிற ஊரிலேயே "சிலோன்காரங்க" என்று ஒரு புதுப் பெயர். அந்தப் பெண் தினமும் ஒரு புதிய விஷயத்தைச் சந்தித்துத்தான் வாழ்ந்திருக்கிறாள். அவளை யாரும் விருப்பம் கேட்கவில்லை, அவளிடம் குறிப்பேடும் இல்லை.

இத்தனையும் மாறிய பிறகு மாறாமல் கூட வந்தது ஒரு ரொட்டியும் சம்பலும். அதையும் நீங்கள் பிடிவாதத்தில் சேர்த்துவிட்டீர்கள்.

உறைபனி விஷயத்துக்கு வருகிறேன். அந்த வரியில் எனக்குக் கோபமே வந்தது. நீங்கள் நீலகிரிப் பிள்ளை. எஸ்டேட் தொழிலாளியின் மகன். உங்களுக்கு 40 வயதில் உறைபனி "முதல் முறை." குந்தாவில் கொழுந்து பறித்தவரிடம் என்றைக்காவது ஒரு மாலை உட்கார்ந்து, பனி விழுந்த காலையில் தோட்டம் எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்களா? மேகமில்லாத, காற்றில்லாத இரவில் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். இலை மேலிருந்த ஈரம் உறையும். காலை வெயில் பட்டதும் கொழுந்து கருகும். நீங்கள் படம் எடுத்த அந்த வெள்ளை, ஒரு மணி நேரத்தில் உருகிப் போய்விடும். கருகிய செடி துளிர்க்க வாரக்கணக்கில் ஆகும். அதுவரை கூடையும் நிரம்பாது, அதிகப்படி எடைக்குக் கிடைக்கிற காசும் வராது. ஊட்டித் தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளைக் கோத்தகிரி மலார் என்கிற செடியின் கிளைகளைப் போட்டு மூடுவதையும், புல்தரைக்குத் தண்ணீர் தெளிப்பதையும் பார்த்திருப்பீர்கள். பூங்காவுக்கு அந்தப் பராமரிப்பு உண்டு. சிறு விவசாயி பனிக்காலம் முழுக்க வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். தலைகுந்தாவில் நீங்கள் மிதித்தது யாருடைய பட்டா என்று தெரியுமா? இனிமேல் போனால் சாலையோரம் நின்று பாருங்கள், தோட்டத்துக்குள் இறங்காதீர்கள்.

இந்த மாதிரிக் கடிதம் எனக்கு நிறைய வருகிறது. ஒருவர் மாரத்தான் ஓடுவார், ஒருவர் பைக்கில் லடாக் போவார், ஒருவர் நாற்பதில் கிடார் பிடிப்பார். ஆசைகள் வேறு வேறு, புகார் ஒன்றுதான்: வீட்டில் யாருக்கும் உற்சாகம் இல்லை. எப்படி இருக்கும்? நீங்கள் தினமும் புதிதாக ஒன்றைச் செய்ய வேண்டுமென்றால், அதே வீட்டில் இன்னொருவர் தினமும் பழையதையே செய்தாக வேண்டும். 4 மணிக்கு நீங்கள் தலைகுந்தா கிளம்பிய அன்று கடை ஷட்டரைத் திறந்தது யார்? வெந்நீர் போட்டது, மகளுக்கு டிபன் கட்டியது, பள்ளி வேனில் ஏற்றியது யார்? ராமென் செய்த மூன்று பாத்திரத்தை இரவு பத்து மணிக்குத் தேய்த்தது யார்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது உங்கள் கண்ணில் படவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் மனைவிக்குப் புதியதில் சலிப்பு வந்துவிட்டது என்று நினைக்கிறீர்கள். அந்தப் பெண்ணுக்குச் சலித்தது அதுவல்ல. "நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்கிறவளுக்கு அந்தக் காலை நேரத்தில் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆண்பிள்ளை அடுப்பில் நின்றால் ஊரே கொண்டாடுகிற காலம் இது. எனக்கு அந்தக் கொண்டாட்டத்தில் பங்கில்லை. சாதம் வடிப்பவரும் ரசம் வைப்பவரும்தான் என் கணக்கில் சமைக்கிறவர். வீட்டில் இருக்கிற வயசாளி பல்லுக்கும் வயிற்றுக்கும் ஒத்துவருகிற ஒரு பதார்த்தமாவது இல்லாமல் இலை போடக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். பழைய கட்சி என்பீர்கள். என்னவும் சொல்லிக்கொள்ளுங்கள்.

எனவே, குடும்பத்தை உங்கள் உற்சாகத்துக்குள் இழுக்க நான் வழி சொல்லப் போவதில்லை. நீங்கள்தான் குடும்பத்துக்குள் போக வேண்டும். நாளையிலிருந்து இரவுச் சாப்பாடு 7 மணிக்கு. கடையை அதற்கேற்ப அடையுங்கள், முடியாத நாளில் மனைவியிடம் முன்னாலேயே சொல்லுங்கள். நீங்கள் சமைக்கிற நாளில் முதலில் வேக வேண்டியது ரொட்டி. அதைத் தட்டுவது நீங்கள். அம்மா உட்கார்ந்திருக்கட்டும். மாவு எவ்வளவு, தேங்காய் எவ்வளவு என்று இணையத்தில் தேடாதீர்கள், அவரைக் கேளுங்கள். சம்பலுக்கு மாசிக் கருவாடு போடுவாரா? போடுவார் என்றால் இத்தனை வருடமாக அதை இந்த மலையில் எங்கிருந்து வாங்கினார்? கிடைக்காத காலத்தில் என்ன செய்தார்? கேட்டால் சொல்லுவார். ஒரே மூச்சில் சொல்லமாட்டார்.

ஒரு கண்டிப்பு. இதைக் குறிப்பேட்டில் எழுதக் கூடாது, படம் போடக் கூடாது. "இன்றைய புதுமை: அம்மாவின் ரொட்டி" என்று நாலு பேர் கைதட்டுவதற்காக அவரை ஒரு நாள் உபயோகித்துவிட்டு, மறுநாள் சூஷிக்குப் போகிற வேலை வேண்டாம். ஒரு மாதம் முழுக்க, சமைக்கிற ஒவ்வொரு நாளும், அதே ரொட்டி. கை பழகட்டும். உங்கள் வருடக் கணக்கில் அத்தனை நாள் குறைந்தால் குறையட்டும், அந்தக் கணக்கை யாரும் தணிக்கை செய்யப் போவதில்லை.

மகளைப் பற்றிய புகாருக்கு என்னிடம் தனிப் பதில் இல்லை. அவள் அப்பா ஒரு தட்டைப் படம் பிடிக்காமல் சாப்பிட்டதை அவள் கடைசியாக எப்போது பார்த்தாள்?

சரி, கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ராஜ்மா வேகாதது உங்கள் கைக்குற்றம் இல்லை. 1,800 மீட்டருக்கு மேலே இருக்கிற உங்கள் ஊரில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் எவ்வளவு நேரம் கொதித்தாலும் அதற்கு மேல் சூடேறாது. முதல் நாள் இரவே ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குக்கரில் வையுங்கள். இதைக்கூட அம்மாவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். குக்கர் இல்லாத காலத்தில் எஸ்டேட் லயத்து வரிசை வீட்டு அடுப்பில் பருப்பு வேகவைத்தவர்.

அறைக்குள் கரி அடுப்பு மட்டும் கூடவே கூடாது. இதில் பேச்சுக்கே இடமில்லை. குளிருக்குப் பயந்து கதவு ஜன்னலைச் சாத்திய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூக்கம் வருவது போல இருக்கும், அப்படியே போய்விடுவார்கள். மலையில் அறைக்குள் கரி மூட்டித் தூங்கி இறந்தவர்கள் இருக்கிறார்கள். அம்மாவின் அறையில் கணப்புச்சட்டி வைக்கிற பழக்கம் இருந்தால், இன்றைக்கே வெளியே எடுங்கள். அவருக்கு வெந்நீர்ப் பையும், நல்ல கம்பளியும், காலுக்கு உறையும் வாங்கிக் கொடுங்கள். பார்பிக்யூ வேண்டுமானால் முற்றத்தில் வையுங்கள்.

பயணத்துக்கு ஒரே ஒரு யோசனை. உங்கள் ஊர் வழியாகவே மலை ரயில் போகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இல் வந்தது, ஊட்டிக்கு 1908-இல் போய்ச் சேர்ந்தது. 46 கிலோமீட்டர், 16 குகைகள், 250 பாலங்கள். 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. உலகத்து ஜனம் டிக்கெட்டுக்கு அலைகிறது. உங்கள் அம்மா அதில் ஒரு தடவையாவது ஏறியிருக்கிறாரா? எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரிய வேண்டும். குன்னூரிலிருந்து ஊட்டி வரைக்கும் போதும், முழு மலையும் வேண்டாம், முதுகு தாங்காது. காலை முதல் வண்டி வேண்டாம், வெயில் ஏறிய பிறகு போகிற வண்டியில் முன்பதிவு செய்யுங்கள். பொங்கல் விடுமுறைக் கூட்டத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஜன்னல் சீட்டு அவருக்கு. மனைவியும் மகளும் வருவதானால் வரட்டும், வற்புறுத்தாதீர்கள்.

டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் அவரிடம் கேளுங்கள். "எனக்கு எதுக்குப்பா அதெல்லாம்" என்றால் இரண்டாவது முறை கேளுங்கள், முதல் மறுப்பு அந்தத் தலைமுறைக்கு மரியாதைக்குச் சொல்வது. இரண்டாவது முறையும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்து துணி துவையுங்கள். இந்தக் குளிரில் ஒரு ஜீன்ஸ் காய இரண்டு நாள் ஆகிறது என்று உங்கள் மனைவிக்குத் தெரியும்.