கேள்வி–பதில்: விடை சரி, மதிப்பெண் எங்கே?

கேள்வி: அமெரிக்காவில் பதினோராம் வகுப்புப் படிக்கும் என் மகள் 'ஏபி பிசிக்ஸ் 1' (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலை இயற்பியல் பாடம்) எடுத்திருக்கிறாள். நுண்கணிதம் கிடையாது, இயற்கணிதம் போதும் என்றார்கள். கணக்குகளைச் சரியாகத்தான் போடுகிறாள். ஆனால் மாதிரித் தேர்வில் விரிவான வினாக்களுக்குப் பாதி மதிப்பெண்கூடத் தேறவில்லையே?
– ஒரு வாசகி, நியூ ஜெர்சி

பதில்: சூத்திரத் தாளைத் தேர்வில் அவர்களே கொடுத்துவிடுகிறார்கள், கால்குலேட்டருக்கும் தடையில்லை. அப்புறம் எண்ணைப் போட்டு விடை எடுப்பதற்கு யார் மதிப்பெண் தருவார்கள்? 80 நிமிடத்தில் 40 கொள்குறி வினாக்கள், 100 நிமிடத்தில் 4 விரிவான வினாக்கள். மதிப்பெண்ணில் இரண்டும் சரிபாதி. விரிவான பகுதியில் 'ஏன்' என்று சொல்லத் தெரியாவிட்டால் மதிப்பெண் கரைந்துவிடும்.

ஒரு சின்னக் கணக்கு கொடுத்துப் பாருங்கள். உராய்வில்லாத மேசையில் 3 கிலோ வண்டி. அதில் கட்டிய கயிறு, எடையற்ற கப்பி வழியாகத் தொங்கும் 1 கிலோ கட்டையைத் தாங்குகிறது. கையை எடுத்தபின் கயிற்றின் இழுவிசை எவ்வளவு? பத்து நியூட்டன் என்று பட்டென்று பதில் வந்தால், கோளாறு அங்கேதான். இழுவிசை 10 என்றால் கட்டையின் எடையும் (புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று கொண்டால்) 10. நிகர விசை சுழி. கட்டை முடுக்கமடையவே முடியாது. சரியான வழி: 10 நியூட்டன் மொத்தம் 4 கிலோவை இழுக்கிறது, முடுக்கம் 2.5 மீ/வி². வண்டிக்கு அதைக் கொடுக்க 3 × 2.5 = 7.5 நியூட்டன். இழுவிசை எடையைவிடக் குறைவாகத்தான் இருக்க வேண்டும் என்பதை எண்களே இல்லாமல் இரண்டு வாக்கியத்தில் எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண் அந்த இரண்டு வாக்கியத்துக்குத்தான்.

ஒரு பொருளின்மேல் செயல்படும் விசைகளை அம்புகளாகக் காட்டும் விசைப்படத்திலும் கவனம் வேண்டும். புள்ளியிலிருந்து வெளிநோக்கி, விசைக்கு ஓர் அம்பு. சாய்தளக் கணக்கில் எடையின் கூறுகளையும் அதே படத்தில் வரைந்தால் மதிப்பெண் போகும். 'நிறை × முடுக்கம்' என்பதைத் தனி விசையாக வரைவது அதைவிட மோசம்.

கேள்வி: சோதனை வடிவமைப்பு வினாவுக்கு எப்படித் தயாராவது? பள்ளியில் ஆய்வகம் குறைவு.
– ஒரு மாணவர்

பதில்: நூல், சின்ன நட்டு, அளவுநாடா, கைப்பேசி போதும். நட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டால் ஊசல் தயார், அதை வைத்துப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்கலாம். நூலின் நீளத்தை நட்டின் நடுப்பகுதி வரை அளந்து 0.3 மீட்டரிலிருந்து 1.1 மீட்டர் வரை ஐந்து நீளங்கள் எடுங்கள். ஓர் அலைவை மட்டும் அளந்தால், பொத்தானை அழுத்தும் தாமதமே விடையைக் கெடுக்கும். 10 அலைவுகளை அளந்து பத்தால் வகுங்கள். வீச்சு 10 டிகிரிக்கு மேல் வேண்டாம்.

அலைவுநேரத்தை நீளத்துக்கு எதிராக வரைந்தால் வளைகோடு வரும். அதில் சாய்வு எடுத்துப் பயனில்லை. அலைவுநேரத்தின் இருபடியை நிலைக்குத்து அச்சில் வையுங்கள், நேர்க்கோடு கிடைக்கும். 39.5-ஐ (ஊசல் சூத்திரத்தில் வரும் 4π²) அந்தச் சாய்வால் வகுத்தால் புவியீர்ப்பு முடுக்கம். சாய்வு 4.0 என்றால் விடை ஏறத்தாழ 9.9 மீ/வி². பலரும் அட்டவணையிலிருந்து இரண்டு அளவுகளைப் பொறுக்கிச் சாய்வு போடுவார்கள். வரைந்த கோட்டின்மேல், தள்ளித்தள்ளி இருக்கும் இரண்டு புள்ளிகளையே எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கோடு வரைந்ததற்கே அர்த்தமில்லை.

கேள்வி: அண்ணனின் பழைய வழிகாட்டிப் புத்தகம் போதுமா?
– அதே மாணவர்

பதில்: எந்த ஆண்டுப் புத்தகம் என்று பாருங்கள். 2024-25 கல்வியாண்டில் பாய்மங்கள் (திரவங்களும் வாயுக்களும்) எட்டாவது அலகாகச் சேர்ந்தது. தேர்வில் 10 முதல் 15 சதவீதம் அதற்கு. மிதப்பு விசை, பெர்னூலி சமன்பாடு எல்லாம் அதில் வரும். முந்தைய பதிப்பில் இவை இருக்காது. ரொம்பப் பழையதாக இருந்தால் மின்சுற்றுகளும் அலைகளும் இருக்கும். அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போகலாம். இயங்கியல், ஆற்றல், உந்தம் அத்தியாயங்கள் இன்றும் உதவும்.