தங்கை சொன்ன சாட்சி

கேள்வி: அக்கா, நாங்கள் அல்சூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். என் தங்கை ஒயிட்ஃபீல்டில் ஃப்ளாட் வாங்கிவிட்டாள். சின்ன வயதிலிருந்து இருவரும் ஒரே தமிழ்ச் சபைக்குத்தான் போகிறோம். போன மாதம் ஆராதனையில் அவள் மைக்கைப் பிடித்து, "கர்த்தர் எங்களை உயர்த்தினார்" என்று சாட்சி சொன்னாள். எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். நான் பைபிளில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். 2024 கோடையில் அவர்கள் அப்பார்ட்மென்ட்டில் தண்ணீர் வற்றிப்போய் டேங்கர் டேங்கராக வாங்கினார்கள். அதைக் கேட்டபோது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. இப்போதெல்லாம் ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. நான் உண்மையிலேயே விசுவாசிதானா?
ஒரு வாசகி, பெங்களூரு

பதில்: அன்புச் சகோதரி,

அந்த டேங்கர் விஷயத்தையும் எழுதினீர்களே, அதற்குத் தைரியம் வேண்டும். அடுத்தவர் ஃப்ளாட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டதை யாரும் சொல்லிவிடுவார்கள். கூடப்பிறந்தவளின் கஷ்டத்தில் மனசு குளிர்ந்ததை யாரும் வெளியே சொல்வதில்லை. இஸ்ரவேலின் ராஜா சவுலுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. "சவுல் கொன்றது ஆயிரம், தாவீது கொன்றது பதினாயிரம்" என்று பெண்கள் பாடினார்கள். ஆயிரம் என்ன குறைந்த எண்ணா? பக்கத்தில் பதினாயிரம் வந்து நின்றதும் அது அவனுக்கு அவமானமாகிவிட்டது. அந்நாள்முதல் தாவீதைக் காய்மகாரமாய்ப் பார்த்தான் என்கிறது வேதம். மறுநாளே ஈட்டியை எறியும் அளவுக்குப் போனான்.

ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர்கள் லேயாளும் ராகேலும். அக்காவும் தங்கையும், ஒரே புருஷனுக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். அக்காவுக்குப் பிள்ளைகள் இருந்தார்கள், புருஷனின் அன்பு இல்லை. தங்கைக்கு அன்பு இருந்தது, பிள்ளை இல்லை. "எனக்குப் பிள்ளைகொடும், இல்லாவிட்டால் நான் சாகிறேன்" என்று ராகேல் அழுதாள். அந்தப் பக்கம் லேயாள் தன் பிள்ளைகளுக்கு வைத்த பெயர்களைப் பாருங்கள். ரூபன் பிறந்தபோது, "இப்பொழுது என் புருஷன் என்னை நேசிப்பார்" என்றாள். லேவி பிறந்தபோதும் புருஷன் இனி என்னோடு சேர்ந்திருப்பார் என்கிற அதே எதிர்பார்ப்பு. கையில் இருக்கும் குழந்தையைக்கூடத் தங்கையின் வாழ்க்கையை வைத்துத்தான் அவளால் பார்க்க முடிந்தது. நான்காவது பிள்ளை வந்தபோது மட்டும், "இப்பொழுது கர்த்தரைத் துதிப்பேன்" என்று சொல்லி யூதா என்று பேரிட்டாள். அந்த வாக்கியத்தில் புருஷனும் இல்லை, தங்கையும் இல்லை. அந்த யூதாவின் வம்சத்தில்தான் தாவீது பிறந்தான், நம் ஆண்டவரும் பிறந்தார்.

அதோடு லேயாளுக்கு எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. அடுத்த அதிகாரத்திலேயே தூதாயீம் கனிகளுக்காக அக்காவும் தங்கையும் பேரம் பேசுகிறார்கள். அதனால் நாளைக்கே இது உங்களை விட்டுப் போய்விடும் என்று நான் சொல்லப்போவதில்லை.

ஜெபத்தில் வார்த்தை வராததற்கு எனக்குத் தோன்றும் காரணம் இதுதான். "அவளுக்குச் செய்தீர், எனக்கு ஏன் செய்யவில்லை" என்ற கணக்கோடு நீங்கள் முழங்காலில் நிற்கிறீர்கள். கணக்கு வந்துவிட்டால் பரம தகப்பன் நமக்குக் கடன்பட்டவர் ஆகிவிடுகிறார். கடன்பட்டவரிடம் மனம்விட்டுப் பேச முடியுமா? கெட்ட குமாரன் உவமையில் வருகிற மூத்த மகனும், ஊதாரித் தம்பி திரும்பி வந்ததற்கு விருந்து வைத்தபோது, தகப்பன் வீட்டிலேயே இருந்துகொண்டு, ஒரு ஆட்டுக்குட்டியையாவது நீர் எனக்குக் கொடுக்கவில்லை என்றுதான் கணக்குக் காட்டினான். "மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய்" என்று தகப்பன் சொன்னது அவன் காதில் விழுந்ததா என்று தெரியாமலே கதை முடிந்துவிடுகிறது. எனக்கு அந்த இடம் ஒவ்வொரு முறையும் வலிக்கும்.

நம் ஆட்கள் உடனே ஒரு ஆறுதல் சொல்வார்கள்: "நமக்குக் கீழே இருக்கிறவர்களைப் பார்த்துத் திருப்திப்படு." தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். தேவாலயத்தில் நின்ற பரிசேயன் அதைத்தான் செய்தான். வரி வசூலிக்கிற இந்த ஆயக்காரனைப்போல நான் இல்லாததனால் உமக்கு ஸ்தோத்திரம் என்றான். மேலே பார்த்தால் பொறாமை வருகிறது, கீழே பார்த்தால் பெருமை வருகிறது. இரண்டுக்கும் அளவுகோல் ஒன்றுதான்.

விசுவாசிதானா என்று கேட்டீர்கள். எழுபத்துமூன்றாம் சங்கீதத்தை இன்று இரவு வாய்விட்டுப் படியுங்கள். ஆலயத்தில் பாடகனாயிருந்த ஆசாப்பின் சங்கீதம் அது. "பொறாமை கொண்டேன்" என்று அவனே ஒத்துக்கொள்கிறான், அதுவும் தேவனிடமே. நீங்களும் டேங்கர் வந்த நாளை அப்படியே அவரிடம் சொல்லுங்கள். எனக்கு எழுத முடிந்ததை அவரிடமும் சொல்ல முடியும். அப்புறம் தங்கையின் பெயரைச் சொல்லி அவளுக்காக ஜெபியுங்கள். முதல் சில நாள் உதடுதான் அசையும். பரவாயில்லை. அவளுடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைக் கொஞ்ச நாள் பார்க்காமல் இருப்பதிலும் தப்பில்லை.

இன்னொன்று. அல்சூரில் மெட்ரோ ஏறினால் ஒயிட்ஃபீல்டு வரை ஒரே ரயில். ஒரு சனிக்கிழமை அவளுக்குப் பிடித்ததை ஏதாவது சமைத்து டப்பாவில் எடுத்துக்கொண்டு போங்கள். வீட்டைச் சுற்றிப் பார்த்து முடிந்ததும், சமையலறையில் அவளோடு உட்கார்ந்து, "அந்தக் கோடையில் தண்ணீருக்கு என்னடி பண்ணினாய்?" என்று கேளுங்கள். அன்றைக்கே நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அவள் சொல்வதை முழுசாகக் கேட்டுவிட்டு வாருங்கள்.