பென்சிலைத் துடைத்துவிட்டு எடுக்கிறாள்

கேள்வி: என் மகள் தரம் 2இல் படிக்கிறாள். இந்தத் தவணை அவளுடைய வகுப்புக்குப் புதிதாக வந்த பிள்ளைக்குக் கண்ணைச் சுற்றியும் கைகளிலும் வெண்புள்ளி இருக்கிறது. மகள் அவளுக்குப் பக்கத்தில் இருக்க மறுக்கிறாள். அவள் தொட்ட வர்ணப் பென்சிலைத் துடைத்துவிட்டுத்தான் எடுக்கிறாள் என்று ஆசிரியை சொன்னார். ஏசிப் பார்த்தேன். “பாவம், இரக்கப்பட வேண்டும்” என்றும் சொல்லிப் பார்த்தேன். “ஒட்டும் என்று அம்மம்மா சொன்னார்” என்கிறாள். என்ன செய்வது?
– ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

பதில்: பென்சிலைத் துடைக்கும் யோசனை ஏழு வயதுப் பிள்ளைக்குத் தானாக வராது, தங்கச்சி. மகளை விட்டுவிட்டு முதலில் அம்மம்மாவிடம் போங்கள்.

அவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. மட்டக்களப்பு வாவிக்குள் மாந்தீவில் தொழுநோயாளரை ஊரிலிருந்து பிரித்து வைத்திருந்த கதைகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அது. தோலில் வெள்ளை தெரிந்தால் பயம் முந்திக்கொள்ளும். வெண்புள்ளி தொழுநோய் அல்ல, கிருமியால் வருவதும் அல்ல என்று சொல்லுங்கள். தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனினை உண்டாக்கும் கலங்களை உடலின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுகிறது. ஒரே கோப்பையில் சாப்பிட்டாலும் ஒட்டாது. தொழுநோய்க்கே உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்த கூட்டு மருந்து இருக்கிறது; ஆறு மாதமோ ஒரு வருடமோ ஒழுங்காகக் குடித்தால் குணமாகிவிடும். நம்பாவிட்டால் அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடமே கேட்கட்டும். பெற்ற மகள் சொல்லி எடுபடாதது அங்கே எடுபடும்.

மகளுக்கு இவ்வளவு விளக்கம் வேண்டாம். “எனக்கும் வருமா?” என்று கேட்டால், “அவளிடமிருந்து வராது. அவளுடைய தோலில் சில இடங்களில் நிறம் இல்லை. அவளுக்கு நோவதும் இல்லை” என்றால் போதும். “உஷ், அப்படிக் கேட்கக் கூடாது” என்று வாயை மட்டும் அடைத்துவிடாதீர்கள். வெளியில் சொல்லக் கூடாத ஏதோ கேடு இருக்கிறது என்றே பிள்ளை எடுத்துக்கொள்ளும். இரக்கப்படச் சொல்வதையும் விடுங்கள். இரக்கப்படும் பிள்ளை தன் டொபியைக் கொடுக்கும், விளையாட்டில் சேர்க்காது.

சிநேகம் பிடிக்கச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம். யாரோடு சேர்வது என்பது அவள் விருப்பம். பென்சிலைத் துடைப்பது அப்படியல்ல. இன்னொரு பிள்ளையின் கண்முன்னே செய்யும் அவமரியாதை அது; இன்றோடு நிற்க வேண்டும். இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்.

ஆசிரியை வகுப்பில் இதைப் பற்றிப் பேச விரும்பினால், அந்தப் பிள்ளையின் தாயைக் கேட்ட பிறகு பேசட்டும். நல்ல எண்ணத்தோடுதான் சிலர் பிள்ளையை முன்னால் நிறுத்தி வைத்து விளக்குகிறார்கள். அதைவிடப் பேசாமலே இருக்கலாம்.

விளையாட்டுக்குக் கூப்பிடுவதென்றால் கிளித்தட்டுக்குக் கூப்பிடுங்கள். எதிரணியார் தொட்டால்தான் ஆள் வெளியே போக வேண்டும். ஓடிக் களைக்கும் நேரத்தில் யார் கை யார்மேல் பட்டது என்று எந்தப் பிள்ளையும் பார்ப்பதில்லை. மெலனின் இல்லாத இடங்களை வெயில் சீக்கிரம் சுட்டுவிடும் என்பதால் வெயில் தாழ்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாயிடம் மன்னிப்பை நீட்டி முழக்க வேண்டாம். இதுபோல எத்தனையோ கேட்டிருப்பார். சனிக்கிழமை பின்னேரம் பிள்ளையை விளையாட அனுப்ப முடியுமா என்று மட்டும் கேளுங்கள்.