ஸ்கேன் நார்மல் என்றால் தலைக்காயத்துக்கு நஷ்டஈடு கேட்க முடியாதா?

உங்கள் அண்ணனுக்கு வேறொருவரின் அஜாக்கிரதையால் தலையில் அடி. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்கிறார்கள், ஆனால் ஆள் பழைய ஆளாக இல்லை. வழக்குப் போட்டால் பணத்துக்கு அலைகிறோம் என்று பேசுவார்களோ என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். பேசுவார்கள். எங்களையும் பேசினார்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

நான் வக்கீலும் இல்லை, டாக்டரும் இல்லை. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதும் தெரியும். "இதையெல்லாம் சொல்ல இவள் யார்" என்று யாரும் கிளம்ப வேண்டாம். என் தம்பியின் வழக்கில் முதல் நோட்டீஸிலிருந்து தீர்ப்புவரை கூடவே இருந்தவள் நான்.

தம்பி ஒரு கிடங்கில் இருப்புக் கணக்கு பார்த்தவன். ரேக்கின் கால் வளைந்திருக்கிறது என்று வேலையாட்கள் மேற்பார்வையாளருக்கு எழுதியே கொடுத்திருந்தார்கள். யாரும் சரிசெய்யவில்லை. மேல்தட்டுப் பெட்டி அவன் தலையில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் கிளாஸ்கோ அளவுகோலில் 14 போட்டார்கள். கண் திறப்பது, பேசுவது, கை கால் அசைப்பது மூன்றையும் பார்த்து, நினைவு எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று 3 முதல் 15 வரை போடும் மதிப்பெண் அது, 15தான் முழுத் தெளிவு. 1974இல் டீஸ்டேல், ஜென்னெட் என்ற இரண்டு நரம்பியல் அறுவை மருத்துவர்கள் கொண்டுவந்தது. 14 என்றால் பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். சிடி ஸ்கேனும் சுத்தம். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் எல்லாம். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறப்பான். கேட்டதையே கேட்பான். குரல் உயர்த்தியே அறியாதவன், குழந்தை அழுதால் காதைப் பொத்திக்கொண்டு கத்துவான். இரண்டு வேலையைச் சேர்த்துச் சொன்னால் எதில் தொடங்குவது என்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருப்பான். என்னடா ஆச்சு என்றால், "எனக்கென்னக்கா, நல்லாத்தான் இருக்கேன்" என்பான்.

இந்த ஒரு பதில்தான் வழக்கையே கவிழ்க்கப் பார்த்தது. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் கனிவாகத்தான் கேட்டார். மறதி உண்டா? இல்லை. கோபம் வருகிறதா? இல்லை. வேலைக்குப் போவீர்களா? நாளைக்கே போவேன். எனக்கு நெஞ்சே நின்றுவிட்டது. அவன் பொய் சொல்லவில்லை. மூளையின் முன்பகுதியில் அடிபட்டவர்களுக்குத் தன் குறையைத் தானே உணரும் திறன் போய்விடலாம். காயத்தின் அடையாளமே அதுதான் என்று நியூரோசைக்காலஜிஸ்ட், அதாவது மூளைக்காயம் ஞாபகத்தையும் நடத்தையையும் எப்படிப் பாதிக்கிறது என்று சோதிக்கும் நிபுணர், வந்து விளக்கிய பிறகுதான் கோர்ட்டில் காற்று திசைமாறியது. மணிக்கணக்கில் அவனை உட்காரவைத்துக் கவனம், ஞாபகம், யோசிக்கும் வேகம் எல்லாவற்றையும் சோதித்தவர் அவர். எலும்பு முறிவும் பெரிய ரத்தக்கசிவும் சிடியில் தெரியும், நரம்பிழைகள் அறுந்திருப்பது பெரும்பாலும் தெரியாது என்பதையும் அவரே சொன்னார். பிறகு எடுத்த எம்ஆர்ஐயில் பொட்டுப் பொட்டாகப் பழைய ரத்தக்கசிவு தெரிந்தது. ஆகவே "நார்மல்" என்ற தாளைக் கண்டு ஒடுங்கிவிடாதீர்கள். விபத்துக்கு முன் எப்படி இருந்தார், பின் எப்படி இருக்கிறார் என்று தேதி போட்டு எழுதுங்கள். கூட வேலை பார்த்தவர்களைச் சாட்சி சொல்லக் கூப்பிடுங்கள்.

தம்பிக்கு முன்பே ஒற்றைத் தலைவலி உண்டு என்பதையும் எதிர்த்தரப்பு கிளப்பியது. பிரிட்டிஷ் வழிவந்த சட்டங்களில், அடிபட்டவர் எந்த உடல்நிலையில் இருந்தாரோ அப்படியே அவரை ஏற்றுக்கொண்டுதான் பொறுப்பைக் கணக்கிட வேண்டும். வக்கீல் அதைச் சொன்னதும் அந்தப் பேச்சு அடங்கியது.

கேள்விக்கு வெளியே ஒன்று சொல்லியே ஆக வேண்டும். தலையில் அடிபட்டால் ஒரே நொடியில் எல்லாம் மறந்துவிடும், மறுபடி அடிபட்டால் எல்லாம் திரும்பிவிடும் என்று சினிமா இத்தனை வருஷமாகக் காட்டுகிறதே, அது எங்களைப் போன்ற குடும்பங்களுக்குச் செய்த கெடுதல் கொஞ்சநஞ்சமல்ல. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "என்னை அடையாளம் தெரியுதா?" என்று கேட்டார்கள். தெரிந்தது. அதனால் அவனுக்கு ஒன்றுமில்லை என்று முடிவுகட்டிக்கொண்டு போனார்கள். அவர்கள்தான் பின்னால் பணத்தாசை என்றும் சொன்னார்கள்.

அந்தப் பணம் எதற்கு? அவனைத் தனியே விட முடியாது, ஆள் வேண்டும். மறுவாழ்வுச் சிகிச்சை வேண்டும். ஓய்வு வயதுவரை சம்பாதித்திருக்கக்கூடியது போயிற்று. பொறுப்பில்லாமல் நடந்தவர்கள் கொடுக்காவிட்டால் அதை அவன் மனைவியும் குழந்தையும் சுமக்க வேண்டும். இதில் ஆசை எங்கே இருக்கிறது?

இன்சூரன்ஸ் கம்பெனி சீக்கிரமே ஒரு தொகையோடு வரலாம். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி அந்தத் தாளில் இருக்கும். மூளைக்காயம் எவ்வளவு தேறும் என்று தெரிய ஒரு வருஷம், இரண்டு வருஷம்கூட ஆகும், அதற்குள் கையெழுத்து வேண்டாம். ஆனால் வழக்குத் தொடுக்கக் காலவரம்பு உண்டு, அது உங்களுக்காகக் காத்திருக்காது. வக்கீலை இப்போதே பாருங்கள். கேஸ் ஷீட் நகல் முழுவதையும் கேட்டு வாங்குங்கள். அடிபட்ட இடத்தில் கேமரா இருந்தால் அதன் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி இந்த வாரமே கடிதம் கொடுங்கள், பழையதன் மேல் புதிய பதிவு தானாக ஏறிவிடும். அண்ணன் எதுவும் வேண்டாம் என்றுதான் சொல்வார். அண்ணியிடம் பேசுங்கள். தன் காரியத்தைத் தானே பார்க்க முடியாத நிலை என்றால், அவர் சார்பில் குடும்பத்தினர் வழக்கு நடத்த கோர்ட் அனுமதிக்கும்.