பழைய ஃபியட்டுக்கு வேறு எஞ்சின் வாங்கலாமா?

கேள்வி: என் தந்தை 1971-இல் வாங்கிய ஃபியட் 1100 டிலைட் காரை இன்றும் ஓட்டி வருகிறேன். சென்ற மாதம் எஞ்சினுக்குள் இருக்கும் கனெக்டிங் ராடு உடைந்து, பிளாக்கின் (எஞ்சினின் முக்கிய உடலின்) பக்கவாட்டைத் துளைத்துவிட்டது. சென்னை புதுப்பேட்டையில் அதே வகை எஞ்சின் ஒன்றைக் காட்டி, "ஓடிக்கொண்டிருந்த எஞ்சின்" என்கிறார்கள். எங்கள் மெக்கானிக்கோ டீசல் எஞ்சினைப் பொருத்தச் சொல்கிறார். எதைச் செய்வது? (வாசகர், காரைக்குடி)

பதில்: டீசல் எஞ்சின் வேண்டவே வேண்டாம். அதன் எடைக்கும் அதிர்வுக்கும் ஏற்றபடி உங்கள் காரின் முன்பகுதி வடிவமைக்கப்படவில்லை. அன்றியும், ஐம்பது ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கென 2021-இல் வந்த விதிகளின்படி 'விண்டேஜ்' பதிவு பெற என்றாவது விரும்பினால், கார் அதன் அசல் வடிவில் இருந்தாக வேண்டும்.

உங்களுடைய 1089 சி.சி. எஞ்சின்தான் பிற்காலத்தில் வந்த பிரீமியர் பத்மினி காரிலும் இருந்தது என்பதால் தேடுவதற்கு வழி உண்டு. ஆனால், அது ஓடுவதை உங்கள் காதால் கேட்காத வரை, முழுவதும் பிரித்து வேலை பார்க்க வேண்டிய எஞ்சின் என்றே கணக்கிட்டு விலை பேசுங்கள்.

பிளாக்கின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் கிளம்பிவிடுங்கள். பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ஆண்டுக்கணக்கில் வெறும் குழாய்த் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றி ஓட்டிய வண்டியில், ஹெட்டின் நீர்வழித் துளைகளைச் சுற்றிக் கரையான் தின்ற மரம்போல் அரித்திருக்கும். அந்த அரிப்பு சிலிண்டரை ஒட்டிய விளிம்பு வரை வந்திருந்தால் இரண்டுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் தாங்காது. சிலிண்டரின் அசல் விட்டம் 68 மி.மீ. அதை லேத் பட்டறைக்காரரைக் கொண்டு அளந்து பாருங்கள்; பலமுறை உட்சுவர் கடையப்பட்டு ('போர்' செய்யப்பட்டு) விரிந்திருந்தால், உள்ளே புதிய உருளை செருகும் ('ஸ்லீவ்' போடும்) செலவையும் விலையில் கழிக்க வேண்டும். எஞ்சினின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்பில் உள்ள ஆயில் பால் கலந்த டீயின் நிறத்தில் இருந்தால், உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது.

இவை எல்லாம் செலவு செய்தால் சரியாகும். எனக்குப் பெரும் கவலை எஞ்சின் எண்ணைப் பற்றியதே. அந்த இடத்தை மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். அரம் போட்ட கீறல்களோ, ஒன்று மேலும் ஒன்று கீழுமாகக் குத்திய இலக்கங்களோ தெரிந்தால், திருட்டு வண்டியின் எஞ்சினாக இருக்கக்கூடும்; இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். எண் தெளிவாக இருந்தால், அதைக் குறிப்பிட்ட ரசீதையும், அது கழற்றப்பட்ட காரின் ஆர்.சி. நகலையும் கேட்டு வாங்குங்கள். எஞ்சினை மாற்றியதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து, ஆர்.சி.யில் புதிய எண்ணைப் பதிய வேண்டும். பணம் கொடுப்பதற்கு முன்பே அங்கு சென்று, என்னென்ன ஆவணங்கள் தேவை என்று கேட்டுவிடுவது நல்லது. காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள்.

உங்கள் பழைய எஞ்சினை அவசரப்பட்டு இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள். அதன் ஹெட், கார்புரேட்டர், டைனமோ, மவுண்டிங் பிராக்கெட்டுகள் ஆகியவை நல்ல நிலையில் இருந்தால், வாங்கும் பிளாக்கில் அவற்றையே பொருத்திக்கொள்ளலாம்.