பள்ளி மாணவர்களை இன்றைய அறிவியல் ஆராய்ச்சியோடு இணைக்க வகுப்பறையில் என்ன செய்யலாம்?

பழனி மலைப் பகுதியில் உள்ள ஓர் அரசுப் பள்ளியின் அறிவியல் ஆசிரியர் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். ஆராய்ச்சிச் செய்திகளை வாசித்துக் காட்டுவதைவிட, ஆராய்ச்சியாளர்கள் கையாளும் தரவையே மாணவர்களிடம் கொடுத்து அளக்கச் சொல்வதுதான் பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

எங்களுக்கு வாய்த்த பேறு, 1899இல் நிறுவப்பட்ட கோடைக்கானல் சூரிய வானாய்வகம். சூரியக் கரும்புள்ளிகளில் (சூரியப் பரப்பில் கருமையாகத் தெரியும், வெப்பம் குறைந்த பகுதிகளில்) வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டறிந்தது இங்கேதான். நூறாண்டுக்கும் மேலாக இங்கே எடுக்கப்பட்டுவரும் சூரியப் படங்கள் இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கின்றன என்பதால், சமவெளியில் இருக்கும் பள்ளிகளும் இச்செயல்பாட்டைத் தாராளமாகச் செய்யலாம்.

பெரிய கரும்புள்ளி ஒன்று தெரியும் அடுத்தடுத்த நாள்களின் படங்களை, சூரிய வட்டம் பத்து செ.மீ. விட்டமும் வடக்கு மேற்புறமும் இருக்கும்படி அச்சிட்டு, டிரேசிங் தாளை மேலே வைத்து, புள்ளியின் இடத்தை நாள்வாரியாகக் குறிக்கச் சொல்லுங்கள். நடுப்பகுதியில் நாளொன்றுக்கு ஒரு செ.மீ.க்குச் சற்றே கூடுதலாக நகரும் புள்ளி, ஓரத்தை நெருங்க நெருங்க மெதுவாக நகர்வதுபோல் தெரியும். "ஏன் சார், களைச்சுப் போச்சா?" என்று ஒரு மாணவி கேட்டாள். சூரியன் தட்டையான வட்டமல்ல, உருண்டை என்பதை அவளே அளந்து கண்டுகொள்ள அந்தக் கேள்வியே வழியாயிற்று. தொலைவைப் பாகையாக மாற்றப் பத்தாம் வகுப்பு முக்கோணவியல் போதும். சூரியன் ஒருமுறை சுழலப் பூமியிலிருந்து பார்க்கையில் ஏறத்தாழ 27 நாள் என்ற விடை வரும்.

ஆனால் எல்லாக் குழுக்களுக்கும் ஒரே விடை வராது. அந்த வேறுபாட்டை ஆசிரியர் அவசரப்பட்டுத் திருத்திவிடக் கூடாது என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். சூரியனின் நடுக்கோட்டிலிருந்து (பூமியின் நிலநடுக்கோடு போன்றது) வடக்கிலோ தெற்கிலோ விலகிய புள்ளிகள் உண்மையிலேயே மெதுவாகச் சுழல்கின்றன. அளவைப் பிழையும் இருக்கலாம். இரண்டில் எது காரணம் என்று மாணவர்கள் வாதிடும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் ஆராய்ச்சி என்பதன் பொருள் அவர்களுக்கு விளங்குகிறது. மேகமூட்டத்தால் படம் இல்லாத நாள்களைக் கற்பனையால் நிரப்பாமல் வெற்றிடமாகவே விடவும் பழக்க வேண்டும்.

இதே வானாய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம்தான், 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட, சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 விண்கலத்தின் முதன்மைக் கருவியை உருவாக்கியது என்பதை இந்தக் கட்டத்தில் சொன்னால், அச்செய்தி மனத்தில் பதியும்.

இதேபோல் ஊட்டிப் பக்கத்து ஆசிரியர்களுக்கு, விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை ஆராயும் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் இருக்கிறது. 2014 டிசம்பர் 1 அன்று ஓர் இடிமேகம் கடந்தபோது மியூவான் துகள்களின் (அக்கதிர்களால் வளிமண்டலத்தில் உருவாகும் நுண்துகள்களின்) வரவில் ஏற்பட்ட மாற்றத்தைக் கொண்டு, அம்மேகத்தின் மின்னழுத்தம் சுமார் 130 கோடி வோல்ட் என்று அங்குள்ளவர்கள் கணித்து 2019இல் வெளியிட்டார்கள்.

ஆய்வகத்துக்கு மாணவர்களை அழைத்துச் செல்வதானால், அளவைப் பணி முடிந்த பிறகே செல்லுங்கள். முன்னதாகச் சென்றால் கருவிகளை வேடிக்கை பார்த்துத் திரும்பிவிடுவார்கள். பின்னர் சென்றால் தங்கள் டிரேசிங் தாளைக் காட்டி அங்குள்ள விஞ்ஞானிகளிடம் கேள்வி கேட்பார்கள்.