கிராமக் கழிப்பறைத் திட்டம் நிலைத்து நிற்குமா என்று எப்படி மதிப்பிடுவது?

எப்போது போய்ப் பார்ப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். "திறந்தவெளி மலங்கழிப்பு இல்லாத ஊர்" என்று அறிவித்த ஆறாவது மாதத்தில் எந்த ஊரும் நன்றாகத்தான் இருக்கும். முதல் குழி நிரம்பும்போதுதான் திட்டத்துக்கு உண்மையான சோதனை வருகிறது.

அது எப்போது என்று கணக்குப் போடலாம். தண்ணீர் ஊற்றும் குழிக் கழிப்பறையில் ஒருவருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 40 முதல் 60 லிட்டர் கசடு சேரும். ஒரு மீட்டர் விட்டம், கழிவு வந்து விழும் குழாய்க்குக் கீழே ஒரு மீட்டர் ஆழம் உள்ள குழி 785 லிட்டர் கொள்ளும். ஐந்து பேரும் தினமும் போனால் மூன்று ஆண்டில் நிரம்பிவிடும். ஏழு ஆண்டாகியும் நிரம்பவில்லை என்றால் குழி அளவுக்கு மீறிப் பெரிது, அல்லது வீட்டில் பலர் இன்னும் வெளியேதான் போகிறார்கள். ஆகவே மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் கட்டாயம் இரண்டு முறை அளக்க வேண்டும். கோடையில் ஒன்று, மழைக்காலத்தில் ஒன்று. தண்ணீர்த் தட்டுப்பாடும் நிலத்தடி நீர் ஏறிக் குழி வழிவதும் வேறு வேறு மாதங்களில் நடப்பவை.

அடுத்தது கேள்வி. "உங்கள் வீட்டில் கழிப்பறை இருக்கிறதா, பயன்படுத்துகிறீர்களா?" என்று வீட்டுத் தலைவரிடம் கேட்பது வீண். ஒவ்வொருவரையும் பற்றித் தனித்தனியாக, "இன்று காலை எங்கே போனார், வெளியிலா, கழிப்பறைக்கா?" என்று இரண்டையும் சமமாக வைத்துக் கேளுங்கள். அப்படி ஆளுக்கு ஆள் கேட்ட ஒரு கள ஆய்வில், 2018-ல் பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசக் கிராமங்களில் 44 சதவீதம் பேர் வெளியே போவது தெரிந்தது. கழிப்பறை உள்ள வீட்டுக்காரர்களிலேயே நாலில் ஒருவர் அளவுக்கு வெளியே போனார்கள். வீட்டுத் தலைவரிடம் மட்டும் கேட்டால், வெளியே போகிற ஆண்களும் வயலுக்குப் போகிறவர்களும் கணக்கில் விடுபட்டுப் போவார்கள்.

எதை வெற்றி என்று எண்ணுகிறீர்கள் என்பதிலும் விடை மாறும். பிளான் இன்டர்நேஷனல் என்ற தொண்டு நிறுவனம் 2013-ல் எத்தியோப்பியா, கென்யா, சியரா லியோன், உகாண்டாவில் பார்த்தபோது 87 சதவீத வீடுகளில் கழிப்பறை வேலை செய்துகொண்டிருந்தது. மூடி, கைகழுவத் தண்ணீர், சோப்பு, சுற்றுப்புறச் சுத்தம் எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டபோது 92 சதவீத வீடுகள் தேறவில்லை. இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள். ஒரே எண்ணாகக் கலக்காதீர்கள்.

வாய்ச்சொல்லோடு கண்ணால் பார்த்ததையும் குறிக்க வேண்டும். பேசினில் நாற்றத்தைத் தடுக்கத் தேங்கி நிற்கும் நீர், அதாவது நீர்ப்பூட்டு, வற்றியிருக்கிறதா, உள்ளே விறகோ மூட்டையோ இருக்கிறதா, வாசல்வரை நடந்த தடம் உண்டா, வாளி ஈரமாக இருக்கிறதா. ஏரிக்கரை, சாலையோரம், ஓடைப் பக்கம் விடியற்காலையில் ஒரு சுற்று போய் வருவதும் அவசியம்.

கட்டுமானத்தில் கோளாறு அதிகம் என்பதால் குழி மூடியைத் திறக்காத ஆய்வை நான் ஆய்வாகவே ஏற்கமாட்டேன். ஒன்று நிரம்பினால் மற்றதற்கு மாறும் இரட்டைக் குழி என்று கணக்கில் இருக்கும்; ஒரு குழிதான் தோண்டியிருப்பார்கள். இரண்டும் இருந்தால் கழிவை ஏதாவது ஒரு குழிக்குத் திருப்பும் பிரிப்புத் தொட்டியில் ஒரு வழியை அடைக்காமல் விட்டிருப்பார்கள், இரண்டும் ஒன்றாக நிரம்பும். அடியில் சிமெண்ட் பூசிச் சுவரிலும் துளை விடாவிட்டால் தண்ணீர் மண்ணில் இறங்காது, சில மாதத்திலேயே வழியும். குழிகளுக்கு நடுவே ஒரு மீட்டராவது இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் பயன்பாட்டில் உள்ள குழியின் நீர், நிரம்பி மூடி ஆறவிட்ட குழிக்குள் கசியும். பேசினின் சரிவு குறைந்தால் ஒன்றரை, இரண்டு லிட்டரில் போக வேண்டியதற்கு ஒரு வாளி தேவைப்படும். தூரத்திலிருந்து தண்ணீர் சுமக்கும் பெண்கள் அங்கேதான் சோர்ந்துபோகிறார்கள்.

பிறகு இதைக் கேளுங்கள்: "நிரம்பினால் என்ன செய்வீர்கள்?" மூடிய குழியை ஒன்றரை, இரண்டு ஆண்டு ஆறவிட்டால் நாற்றமில்லாத உரமாகிவிடும் என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் சாதி காரணமாகக் கை வைக்கத் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தால்தான் நிரம்பிவிடுமே என்று பயந்து பெரிய குழி தோண்டுகிறார்கள், வீட்டுப் பெண்களுக்கு மட்டும் என்று ஒதுக்குகிறார்கள். ஆறாத கசடை மனிதரைக் கொண்டு எடுக்க வைப்பது இந்தியாவில் 2013 சட்டப்படி குற்றம். கழிவு லாரி வரும் ஊரில் அது எங்கே கொட்டுகிறது என்பதையும் பின்தொடர்ந்து பாருங்கள். வாய்க்காலில் கொட்டினால் அந்த ஊரைத் தேறியதாக எழுதக் கூடாது.

மாதிரி வீடுகளைத் திட்ட அலுவலர் காட்டுகிற பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள். ஊர்க்கோடித் தெருவையும் வாடகை வீடுகளையும் சேருங்கள். திட்டம் முடிந்தபின் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன வீடுகளைத் தனியாக எண்ணுங்கள். அவர்கள், வேறு யாரும் சொல்லாமலேயே, கழிப்பறை கட்டியிருக்கிறார்களா என்பதைவிட நம்பகமான அளவுகோல் எனக்குத் தெரிந்து வேறில்லை.